ஆய்வுகூடம் கணினிக்கு மாறும்போது: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து

வைத்தியசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு துணைகள் வேண்டும்: யாருடைய மாதிரி, எப்போது எடுத்தது, எந்தக் கருவியில் அளந்தது, எந்த அலகில் எழுதியது. நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணை நம்பி மருந்து எழுத முடியாது. கடதாசியில் நடக்கும் ஆய்வுகூடத்தில் இத்துணைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று விடுதியிலிருந்து வந்த படிவத்தில் இருக்கும். ஒன்று குப்பியில் ஒட்டிய துண்டில் இருக்கும். இன்னொன்று அன்று கடமையிலிருந்த தொழில்நுட்பவியலாளரின் நினைவில் மட்டும் இருக்கும். இவற்றை எண்ணோடு பிரிக்க முடியாதபடி கட்டிவைப்பதுதான் ஆய்வுகூட டிஜிட்டல் மயமாக்கலின் வேலை. இதற்கான மென்பொருளை ஆய்வுகூடத் தகவல் முறைமை என்பார்கள். அதை வாங்குவது இந்த வேலையின் நடுவில் வரும் ஒரு படி. வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. கல்முனை நகரத்திலேயே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. இவற்றுக்கு இடையே தனியார் ஆய்வுகூடங்கள். காய்ச்சலோடு வரும் ஒருவர் முதல் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, பின்னர் இன்னொன்றுக்கு மாற்றப்படலாம். அவருடைய மூன்று பெறுபேறுகளும் மூன்று இடங்களில் மூன்று இலக்கங்களோடு இருந்தால், வைத்தியருக்கு வேண்டிய ஏற்ற இறக்கக் கோடு எங்குமே இருக்காது. ஆகவே இப்பகுதியில் ஓர் ஆய்வுகூடத்துக்கான திட்டம் அந்த ஆய்வுகூடத்தின் சுவரோடு நின்றுவிட முடியாது.

திட்டத்தின் முதல் வேலைக்குக் கணினியே தேவையில்லை. ஒரு மாதிரி நோயாளியின் கையிலிருந்து புறப்பட்டு, பெறுபேறாக வைத்தியரின் கையில் சேரும்வரை என்னென்ன நடக்கின்றன என்பதைக் கூடவே நடந்து எழுதவேண்டும். படிவத்தை யார் நிரப்புகிறார், குப்பியில் பெயரை இரத்தம் எடுக்குமுன் எழுதுகிறாரா பின் எழுதுகிறாரா, மாதிரியை யார் எடுத்துச் செல்கிறார், அது எவ்வளவு நேரம் தட்டில் காத்திருக்கிறது, பெறுபேறு எத்தனை முறை கையால் பிரதி செய்யப்படுகிறது. இதன் அவசியத்தை இத்தாலியின் படோவா வைத்தியசாலையில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. அங்குள்ள அவசர ஆய்வுகூடத்தின் பிழைகளைப் பற்றி 1997இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிழைகளில் ஏறத்தாழ 68 சதவீதம் மாதிரியை அளப்பதற்கு முன்னைய கட்டத்தைச் சேர்ந்தவை. பத்து ஆண்டுகளின் பின் அதே இடத்தில் மீண்டும் பார்த்தபோதும் அப்பங்கு 62 சதவீதமாக இருந்தது. கருவிகள் சரியாகவே அளக்கின்றன. தவறான ஆளின் இரத்தத்தைச் சரியாக அளப்பதில்தான் கேடு. ஆய்வுகூட அறைக்குள் மட்டும் கணினி வைத்து விடுதியைப் பழையபடி விட்டுவிடும் திட்டம், பிழைகளில் சிறிய பங்கையே தொடுகிறது.

கரையோர முஸ்லிம் ஊர்களில் நோயாளியை அடையாளம் காணும் பிரச்சினைக்குத் தனி ஆழம் உண்டு. ஒரே விடுதியில் ஒரே நாளில் இரண்டு பாத்திமாக்களும் மூன்று முகம்மதுகளும் இருப்பது இங்கே வழமை. தகப்பன் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னே வருவதால் ‘எம்.ஐ.’, ‘ஏ.எல்.’ என்ற எழுத்துகளும் பலருக்குப் பொதுவாகின்றன. மீராலெப்பை, உதுமாலெப்பை, ஆதம்பாவா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரே சொல்லாக எழுதுவார், இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். முகம்மதுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் அரை டசினுக்குக் குறையாது. பிறந்த குழந்தைக்கோ பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பெயரைத் திறவுகோலாகக் கொண்ட எந்த முறைமையும் இங்கே ஒரே ஆளை இரண்டாக்கும், அல்லது இரண்டு ஆட்களை ஒன்றாக்கும். இரண்டாவது தவறு உயிரைப் பறிக்கக்கூடியது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் ஓரளவு உதவும். ஆனால் பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016இல் அறிமுகமான புதிய வடிவத்தில் பன்னிரண்டு இலக்கங்கள். ஒரே ஆள் இரண்டையும் வெவ்வேறு நாளில் சொல்லக்கூடும் என்பதால், பழையதைப் புதியதாக மாற்றிப் பார்க்கும் விதியை முறைமைக்குள் வைக்கவேண்டும். டெங்கு விடுதிகளை நிரப்பும் சிறுவர்களிடம் அட்டையே கிடையாது. இதற்காகவே இலங்கைச் சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் இறுதியில் உள்ள சரிபார்ப்பு இலக்கம் சிறியதாயினும் பெரிய வேலை செய்வது. முன்னுள்ள இலக்கங்களை ஒரு குறிப்பிட்ட கணக்கில் கூட்டி வருவது அந்தக் கடைசி இலக்கம். தட்டச்சு செய்பவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்தால் கணக்குப் பொருந்தாது, கணினி உடனே மறுத்துவிடும். இவ்வகைக் கணக்குகளில் பெயர்பெற்றது ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் உருவாக்கிய முறை. அது ஒற்றை இலக்கப் பிழை எல்லாவற்றையும் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், பூச்சியமும் ஒன்பதும் மாறுவதைத் தவிர, மற்றவற்றைப் பிடிக்கும். அந்த இலக்கத்தைக் கோட்டுக் குறியீடாக அச்சிட்டு, நோயாளியின் கட்டிலருகே, இரத்தம் எடுத்த கையோடு குப்பியில் ஒட்டினால் தட்டச்சுக்கே இடமில்லை. எங்கே ஒட்டுவது என்பது இங்கே முக்கியம். எல்லாக் குப்பிகளையும் தாதியர் மேசைக்குக் கொண்டுவந்து வரிசையாக ஒட்டினால், பழைய தவறு கோட்டுக் குறியீட்டோடு தொடரும்.

இடத்தின் குறியீடும் பெயரைப் போலவே கவனம் கேட்கிறது. இலங்கையில் மாவட்டங்கள் 25. சுகாதாரப் பிராந்தியங்கள் 26. அந்த இருபத்தாறாவது கல்முனை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து உருவான அம்பாறை மாவட்டத்துக்குள், அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகள் இயங்குகின்றன. தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் வெளியிடும் அட்டவணையிலும் கல்முனைக்குத் தனி வரி உண்டு. வெளியிலிருந்து வாங்கும் மென்பொருளில் மாவட்டப் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதில் 25 பெயர்களே இருக்கும். அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டால், சாய்ந்தமருதில் கூடிவரும் டெங்கு, அம்பாறை என்ற பெரிய எண்ணுக்குள் கரைந்துபோகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்பதை ஆய்வுகூடப் பெறுபேறு சொல்லவேண்டுமானால், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வரையிலான இடக்குறியீடு முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். பின்னர் சேர்ப்பது மிகக் கடினம்.

மொழியும் அப்படியே. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு நீண்டகாலமாகப் பாமினி எழுத்துருவில் நடந்தது. அந்த எழுத்துருவில் திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாது, தேடினாலும் கிடைக்காது. யூனிகோட் தரத்தில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. எல்லாப் புலங்களும் யூனிகோடில் இருக்கவேண்டும், பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதியவும் தேடவும் முடியவேண்டும் என்பதைக் கேள்விப்பத்திரத்தில் நிபந்தனையாகவே எழுதலாம்.

அடையாளம் சரியாகிவிட்டால் கணினி பதிலுக்கு உதவி செய்யத் தொடங்குகிறது. ஒரே நோயாளியின் முந்தைய பெறுபேற்றோடு புதியதை ஒப்பிட்டு, இயற்கையாக நடக்கமுடியாத மாற்றத்தைச் சுட்டிக்காட்டுவது அதில் சிறந்தது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதனால் சிவப்பணுவின் சராசரிப் பருமன் நேற்றைக்கும் இன்றைக்குமிடையே அதிகம் மாறாது. ஒருவருக்கு நேற்று 72 ஆக இருந்த அந்த எண் இன்று 91 என்று வந்தால், இடையில் அவருக்கு இரத்தம் ஏற்றப்படவில்லையெனில், குப்பி வேறொருவருடையது என்று சந்தேகிப்பதே முறை. கடதாசிப் பதிவேட்டில் நேற்றைய பக்கத்தைத் திருப்பி இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு மாதிரிக்கும் செய்ய எந்த மனிதருக்கும் நேரமில்லை.

இதே விதியைக் குருதிச் சிறுதட்டுகளுக்கு வெளிநாட்டு நூலிலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் நிலைமை தலைகீழாகும். டெங்குவில் சிறுதட்டு எண்ணிக்கை ஓரிரவில் பாதியாகக் குறைவது நோயின் இயல்பு. விதி ஒவ்வொரு டெங்கு நோயாளிக்கும் எச்சரிக்கை எழுப்பும். இரண்டு கிழமையில் எச்சரிக்கைகளை வாசிக்காமலே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும். உண்மையான எச்சரிக்கையும் அதோடு போகும். ஆகவே விதிகளை மென்பொருள் நிறுவனத்தின் பொறியியலாளரிடம் விடுவது பிழை. உள்ளூர் நோய்களை அறிந்த ஆய்வுகூடத்தினரும் வைத்தியர்களும் உட்கார்ந்து எழுதவேண்டிய பகுதி இது. திட்டமிடும் காலத்தின் பெரும்பங்கைக் கேட்பதும் இதுதான்.

டெங்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நோயின் முதல் சில நாட்களில் வைரசின் என்எஸ்1 புரதத்தைத் தேடலாம். ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின்னரே ஐஜிஎம் பிறபொருளெதிரி நம்பகமாகத் தென்படும். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய திகதி இல்லாவிட்டால் இரண்டு பெறுபேறுகளுக்கும் பொருள் குறைந்துவிடும். கடதாசிப் படிவத்தில் வெற்றாக விடப்படும் அந்தக் கட்டத்தைக் கணினி கட்டாயமாக்கலாம். ஆனால் கட்டாயப் புலங்கள் இருபதானால், அவசரத்தில் உள்ளவர் வாயில் வந்ததை நிரப்புவார். முடிவை மாற்றக்கூடியவற்றை மட்டும் கட்டாயமாக்குவது நல்லது.

கருவிகளை முறைமையோடு இணைப்பது தொழில்நுட்பத்தில் கடினமான பகுதி எனினும் சொல்லக் கொஞ்சமே உண்டு. குருதிக்கலப் பகுப்பாய்வுக் கருவி தன் எண்களை ஒரு கம்பி வழியே அனுப்பவல்லது. அதற்கான பொதுமொழிகள் நீண்டகாலமாகவே இருக்கின்றன. கருவி அனுப்புவதை மட்டும் கணினி கேட்டுக்கொள்வது ஒரு நிலை. கோட்டுக் குறியீட்டைக் கருவி வாசித்து, இந்த மாதிரிக்கு என்ன சோதனை என்று கணினியிடம் கேட்டு அறிவது அடுத்த நிலை. இரண்டாவதே கையெழுத்துப் பிரதியை முற்றாக ஒழிக்கிறது. கருவியை வாங்கும் ஒப்பந்தத்திலேயே இணைப்புக்கான அனுமதியும் ஆவணமும் இருக்கவேண்டும். கருவி வந்தபின் கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள்.

அலகு இன்னொரு பொறி. சீனி வருத்தக்காரரின் வெறுவயிற்றுக் குளுக்கோசு ஓரிடத்தில் 126 மில்லிகிராம்/டெசிலீற்றர் என்றும் இன்னோரிடத்தில் 7.0 மில்லிமோல்/லீற்றர் என்றும் எழுதப்படும், இரண்டும் ஒன்றே. கிரியற்றினினில் 1.0 மில்லிகிராம்/டெசிலீற்றர் என்பது 88.4 மைக்ரோமோல்/லீற்றர். இரண்டு ஆய்வுகூடங்களின் தரவுகளை ஒன்றுசேர்க்கும் நாளில், அலகில்லாமல் சேமித்த எண்கள் ஒரே வரைபில் மலையும் பள்ளமுமாகத் தோன்றும். சோதனைக்குச் சோதனை உலகப் பொதுக் குறியீடு வழங்கும் லொயிங்க் என்ற பட்டியல் 1994இலிருந்து வளர்ந்துவருகிறது. ஆய்வுகூடத்தின் சோதனைப் பட்டியலை அதனோடு பொருத்துவது சலிப்பான வேலையென்றாலும், ஒரு முறை செய்தால் போதும்.

பல ஆய்வுகூடங்கள் முதல் படியாக எக்செல் தாளைத் திறக்கின்றன. சிறிய அளவில் அது உதவும். பொறுப்பான பதிவேடாக அது தாங்காது. 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளர்கள் தேசிய எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள். ஆய்வுகூடங்கள் அனுப்பிய தரவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமின்றி வெட்டுப்பட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் பிந்தியது.

எக்செலுக்கு அப்பால் இலவசத் திறமூல முறைமைகள் உண்டு. அவற்றுள் ஓபன் எலிஸ் என்பது ஹெயிட்டி, ஐவரிகோஸ்ட் போன்ற நாடுகளின் ஆய்வுகூடங்களில் இயங்குகிறது. இலங்கையிலேயே திறமூல மருத்துவமனை முறைமையொன்றைக் கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை 2010களின் தொடக்கத்தில் முன்னோடியாக ஏற்றுக்கொண்டது. இலவசம் என்பது உரிமக் கட்டணத்துக்கே பொருந்தும். பராமரிக்க ஆள் வேண்டும். பணம் கொடுத்து வாங்குவதானால், ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாத் தரவையும் பொது வடிவத்தில் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் கையொப்பமிடக்கூடாது.

மின்சாரமும் கடலும் இப்பகுதித் திட்டத்தில் தனி இடம் கேட்கின்றன. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும் சில விநாடிகளுக்குள் சேவையகம் அணைந்துவிடாதபடி மின்கலத் தாங்கி வேண்டும். அதைவிட முக்கியமானது முறைமை நிற்கும் நேரத்துக்கான கடதாசி நடைமுறை: முன்கூட்டியே அச்சிட்ட தொடரிலக்க ஒட்டிகள், ஒரு சிறிய படிவம், மின் வந்தபின் யார் எதை உள்ளிடுவது என்ற பொறுப்பு. மாதத்துக்கொரு முறை அதை ஒத்திகை பார்க்காத இடத்தில், வேண்டிய நாளில் ஒட்டிகள் எங்கிருக்கின்றன என்றே தெரியாது. உப்புக் காற்றும் ஈரப்பதனும் மின்சுற்றுகளை அரிக்கும். சேவையகத்தைக் கடற்பக்க யன்னலோரம் வைப்பது அதன் ஆயுளைக் குறைப்பது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் சில நிமிடங்களில் அழிந்தன. ஒரே கட்டடத்தில் மூலத்தையும் பிரதியையும் வைப்பது இந்த மண்ணில் ஏற்கமுடியாத திட்டம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பொது விதியில், வேறிடம் என்பது கடலிலிருந்து விலகிய உள்நாட்டு நகரமாக இருக்கவேண்டும். தொலைவு மட்டும் போதாது என்பதற்கு 2023 ஓகஸ்ட் சாட்சி. அரசின் மேகக்கணினி மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியபோது, பல அரச அலுவலகங்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை; இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. பிரதி எடுத்தால் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்தும் சோதிக்கவேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. அத்தரவைக் காப்பதற்குச் சட்டத்தை விட ஊரின் அமைப்பு இங்கே வலிமையான காரணம். உறவும் அயலும் நெருங்கிய ஊரில், ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் நோயாளியின் மச்சானாகவோ மருமகளாகவோ இருப்பது சாதாரணம். ஓர் இளம்பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை, ஒருவரின் எச்.ஐ.வி. பெறுபேறு, கலியாணப் பேச்சு நடக்கும் குடும்பத்தில் தலசீமியாக் காவி என்ற தகவல் ஆகியன வெளியேறினால் திருப்பி எடுக்க முடியாதவை. கடதாசிப் பதிவேட்டை யார் புரட்டினார் என்று தெரியாது. கணினியில் ஒவ்வொரு பார்வையும் பெயரோடும் நேரத்தோடும் பதியும். ஒரே கடவுச்சொல்லை முழு ஆய்வுகூடமும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இந்தப் பாதுகாப்பை முழுதாக அழித்துவிடும். ஆளுக்கொரு நுழைவு, கடமை மாறும்போது சில விநாடியில் மாற்றிக்கொள்ளும் வசதி ஆகிய இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது நடைமுறையில் நிலைக்காது.

மாற்றத்தை ஒரே நாளில் முழு ஆய்வுகூடத்துக்கும் கொண்டுவருவதைவிட, ஒரு பிரிவில் தொடங்குவது பாதுகாப்பானது. மாதிரிகள் அதிகமும் சோதனை வகைகள் குறைவுமான குருதியியல் பிரிவு இதற்குப் பொருத்தம். தொடங்குமுன் பழைய நிலையை அளந்து வைக்கவேண்டும்: மாதிரி வந்ததிலிருந்து பெறுபேறு போகும்வரை எத்தனை நிமிடம், நூறில் எத்தனை மாதிரி நிராகரிக்கப்படுகிறது, எத்தனை பெறுபேறு திருத்தி மீள அனுப்பப்படுகிறது. இந்த எண்கள் இல்லாமல் தொடங்கிய ஆய்வுகூடம், ஓர் ஆண்டின் பின் முன்னேறினோமா என்ற கேள்விக்கு அபிப்பிராயத்தையே பதிலாகத் தரமுடியும். பழையதும் புதியதும் பக்கத்தில் ஓடும் காலம் சில கிழமைகளுக்கு மேல் நீளக்கூடாது. இரட்டை வேலையில் களைத்தவர்கள் பழையதையே நம்புவார்கள்.

ஆட்களைப் பற்றி இலங்கையிடம் நல்ல அனுபவம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009இல் உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. பத்தாண்டின் பின், 2020 சனவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டிஎச்ஐஎஸ்2 என்ற திறமூல முறைமையில், கொவிட் கண்காணிப்புக்கான கூறை உலகில் முதலில் உருவாக்கியவர்கள் இலங்கையரே. பிற நாடுகள் பின்னர் அதைப் பின்பற்றின. மென்பொருள் முன்பே இருந்தது. அதை உடனே வளைக்கத் தெரிந்த வைத்தியர்களும் இருந்தார்கள். ஆய்வுகூட அளவில் இதற்கு நிகரானது, தொழில்நுட்பவியலாளர்களில் இருவருக்கேனும் முறைமையின் உள்ளமைப்பைக் கற்பித்து, அந்த வேலைக்கு நேரமும் ஒதுக்குவது. ஒருவரை மட்டும் பழக்கினால், அவருக்கு இடமாற்றம் வரும் நாளில் முறைமை அனாதையாகும்.

இப்பகுதியில் வைத்தியசாலைக்கு வெளியேயும் ஆய்வுகூடங்கள் உண்டு: தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களின் தேவை சற்று வேறு: நோயாளிக்குப் பதில் மண், நீர், தாவர மாதிரிகள், பெறுபேற்றைவிட அதை அடைந்த வழிமுறை முக்கியம், நான்கு ஆண்டுக்கொரு முறை மாணவர் தலைமுறையே மாறிவிடும். இங்கே இலத்திரனியல் ஆய்வுக் குறிப்பேடும், தரவைக் கண்டெடுக்கவும் மீளப் பயன்படுத்தவும் கூடியதாக வைக்கச் சொல்லும் 2016ஆம் ஆண்டின் ஃபெயார் கோட்பாடுகளும் பொருந்தும். மாதிரிக்கு நிலையான இலக்கம், எடுத்த இடம், நேரம், அலகு என்ற அடிப்படை மட்டும் மாறாது.

முறைமை இயங்கத் தொடங்கியபின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சரிபார்ப்பு உண்டு. மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரமும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைத் தராதர அங்கீகார சபையும் எதிர்பார்ப்பது இதையே: கருவியில் தோன்றிய எண்ணும் வைத்தியரின் திரையில் தோன்றும் எண்ணும் ஒன்றே என்று, தசமப் புள்ளியும் அலகும் உட்பட, எழுத்தில் நிறுவுவது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும், புதிய கருவி வந்தாலும், ஒரு சோதனையின் இயல்பு எல்லை மாறினாலும் அச்சரிபார்ப்பைத் திரும்பச் செய்து, செய்தவரின் பெயரோடு கோவையில் வைக்கவேண்டும்.